ரமணர் உருவப்படங்களில் ஒளியும் தோலின் இழையும்

திருச்சுழியில் 1879 டிசம்பர் 30 அன்று பிறந்த வேங்கடராமன், 1896இல் மதுரையை நீங்கித் திருவண்ணாமலை சேர்ந்தபோது, அவரை அங்கு அடையாளப்படுத்தியது அவர் எழுதிக்காட்டிய பெயரும் ஊருமே, நிழற்படமன்று. ஆனால் இன்று திருச்சுழிச் சுந்தர மந்திரத்தைக் காணச் செல்வோர் அவர் முகத்தை முன்னரே அறிந்து செல்கின்றனர். அம்முகம் பெரும்பாலும் ஜி. ஜி. வெல்லிங் 1940களின் பிற்பகுதியில் எடுத்த மார்பளவுப் படத்தினது.

அப்படத்தைப் பற்றிய எழுத்துகள் ‘அக ஒளி’ என்பதோடு நின்றுவிடுகின்றன. அச்சொல்லை மறுப்பது இங்கு நோக்கமன்று. எனினும் அவ்வொளி நம் கண்ணுக்கு வருவது வெள்ளி உப்புகளின் வழியாகவே. வெள்ளி உப்புகள் இயல்பில் நீல ஒளிக்கே கூருணர்வுடையவை. சிவப்பை ஏறத்தாழ அறியா. மாநிறத் தோலோ நீலத்தைக் குறைவாகவும் சிவப்பை மிகுதியாகவும் எதிரொளிப்பது. ஆகவே பழைய கண்ணாடித் தகடுகளில் தமிழ் முகங்கள் உள்ளதினும் கருத்துப் பதிந்தன. கன்னத்தின் ஏற்ற இறக்கங்கள் கருமையில் மறைந்தன. எல்லா நிறங்களையும் உணரும் பான்குரோமாட்டிக் படச்சுருள் பரவிய பின்னரே தோலின் இடைநிலைச் சாயல்கள் மீண்டன. பழைய படங்களின் கருமையை எடுக்கப்பட்டவரின் நிறத்துக்குச் சான்றாகக் கொள்வது இதனாலேயே பிழை.

வெல்லிங் படத்தில் குறுந்தாடியின் வெண்மயிர் ஒவ்வொன்றாக நிற்கிறது. நெற்றிச் சுருக்கங்கள் மென்னிழலாக விழுகின்றன. விழியில் ஒளிப்புள்ளி மின்னுகிறது. நேராக நம்மை நோக்கும் பார்வைக்கு அப்புள்ளியே உயிர். நாட்காட்டி அச்சுகளில் முதலில் அழிவது இவ்விழைதான். வண்ணம் ஏற்றித் தலைக்குப் பின் ஒளிவட்டம் வரைந்ததும் முதுமை மறைந்து, முகம் வழவழப்பான திருவுருவாகிவிடுகிறது. நாம் காண்பது எந்தத் தலைமுறைப் படி என்று கேளாமல் அப்படத்தின் அழகியலைப் பேசுவது, பாடவேறுபாடு நோக்காது செய்யுளுக்கு உரை எழுதுவதை ஒக்கும்.

1950 ஏப்ரலில் ஹென்றி கார்த்தியே-பிரேசோன் ஆசிரமத்துக்கு வந்தார். லைகா கருவியோடு இருக்கும் ஒளியிலேயே எடுப்பது அவர் முறை. மின்னொளியை அவர் விரும்பியதில்லை. வெல்லிங் படத்தின் நிறைவு இவர் படங்களில் இல்லை. நோயால் தளர்ந்த உடலே அவற்றில் உள்ளது. ஏப்ரல் 14 இரவு ரமணர் மறைந்தபோதும் அவர் திருவண்ணாமலையிலேயே இருந்தார்.