ஹெல்மெட் மட்டும் ஏறிய கப்பல்

பெரியப்பாவின் ஸ்பேனர் பெட்டி மூடியில் ஒரு பழைய ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். முட்டை வடிவம், வெள்ளைப் பின்புலம், நடுவில் ஆங்கில எழுத்து ‘டி’. சின்ன வயதில் அது ‘டேஞ்சர்’ என்பதன் சுருக்கம் என்று நம்பி அந்தப் பெட்டியைத் தொடவே மாட்டேன். பத்தாவது படிக்கும்போதுதான் பெரியப்பா சொன்னார். “டேஞ்சரும் இல்ல, டீசலும் இல்லடா. ஜெர்மனிக்காரன் வண்டியில இருந்தது.”

1970களில் உளுந்தூர்பேட்டை முக்கூட்டில் அவருக்கு ஒரு மெக்கானிக் ஷெட் இருந்தது. சென்னை, திருச்சி, சேலம் ரோடுகள் பிரியும் இடம். இன்றைக்கு நாற்கரச் சாலையில் போகிறவர்களுக்கு எங்கள் ஊர் ஒரு டோல்கேட்டின் பெயர், அவ்வளவுதான். அன்றைக்குத் தெற்கே போகிற எந்த வண்டியும் இங்கே நின்று, டீ குடித்து, டயரை உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் போகும். அப்படி நின்றதில் ஒன்று பி.எம்.டபிள்யூ மோட்டார் சைக்கிள். ஆணும் பெண்ணுமாக இரண்டு பேர். பின்னால் பெட்டி கட்டும் இரும்புக் கம்பி முறிந்திருந்தது. பெரியப்பா வெல்டிங் வைத்துக் கொடுத்தார். எங்கே போகிறீர்கள் என்று சைகையில் கேட்டதற்கு “சிலோன்” என்றார்களாம்.

“சிலோனுக்கு மோட்டார் சைக்கிள்லயா?” என்று நான் கேட்டேன்.

“ரயில்ல ஏத்தி, கப்பல்ல ஏத்தி, எறக்கி ஓட்டிக்கிட்டுப் போவாங்க. ரெண்டு மாசம் கழிச்சி சொன்ன மாதிரியே திரும்பி வந்தாங்கடா. வெல்டிங் நின்னுச்சான்னு காட்டிட்டு, இந்த ஸ்டிக்கரப் பிச்சிக் குடுத்துட்டுப் போனாங்க.”

ரயிலில் ஏற்றிக் கப்பலில் ஏற்றி என்று அவர் சாதாரணமாகச் சொன்னதில் ஒரு நூற்றாண்டுக் கதை இருக்கிறது என்பது அப்போது தெரியவில்லை. பிறகு நானே ஒரு புல்லட் வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் கல்வராயன் மலை, கோமுகி அணை என்று சுற்றி அலுத்து, யாழ்ப்பாணத்துக்கு ஓட்டிப் போனால் என்ன என்று யோசித்த நாளில்தான் தெரியவந்தது.

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடிய தூரம் ஏறத்தாழ 35 கிலோமீட்டர். உளுந்தூர்பேட்டையிலிருந்து விழுப்புரம் போவதும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். எங்கள் ஊர்க்காரர்கள் பல் டாக்டரைப் பார்க்கப் போகிற தூரம்.

பாம்பன் ரயில் பாலம் 1914 பிப்ரவரி 24 அன்று திறக்கப்பட்டது. அதற்கு முன்பு கொழும்பு போகிறவர்கள் ரயிலில் தூத்துக்குடி வரை போய், அங்கிருந்து இரவெல்லாம் கப்பலில் ஆடிக்கொண்டு போவார்கள். பாலம் வந்ததும் எழும்பூரில் ஒரே டிக்கெட் எடுத்துக் கொழும்புக் கோட்டையில் இறங்கலாம் என்று ஆனது. தனுஷ்கோடி கப்பல் மேடை வரை ரயில். அங்கே கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று வைஸ்ராய்களின் பெயர் சூட்டிய நீராவிக் கப்பல்கள். அக்கரையில் தலைமன்னார் மேடையில் இன்னொரு ரயில். ஜனங்கள் இதற்கு வைத்த பெயர் போட் மெயில். (அந்த ரயில் எங்கள் ஊர் வழியாகப் போகவில்லை. மாயவரம், கும்பகோணம், தஞ்சாவூர் என்று மெயின் லைனில் சுற்றிக்கொண்டுதான் போகும். எங்களுக்குக் கிடைத்தது ரோட்டில் வந்தவர்கள் மட்டும்தான்.)

இந்த ஏற்பாட்டில் ஒரு விசித்திரம். ரயிலுக்குப் பாலம் இருந்தது, ரோட்டுக்கு இல்லை. ராமேஸ்வரம் தீவுக்குச் சாலைப் பாலம் வந்தது 1988 அக்டோபர் 2ஆம் தேதி. அதுவரை தார் ரோடு மண்டபத்தோடு முடிந்தது. மோட்டார் சைக்கிளோ காரோ, ரயிலில் ஏற்றித்தான் தீவுக்குக் கொண்டுபோக வேண்டும். இஸ்தான்புல், டெஹ்ரான், காபூல், லாகூர், வாகா என்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டி வந்தவன் மண்டபத்தில் வண்டியைக் கூட்ஸில் போட்டுவிட்டுப் பயணிகள் பெட்டியில் உட்கார்ந்து பாம்பனைக் கடந்திருப்பான்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவுப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது. சிதைந்த பாலத்தை இளம் பொறியாளர் ஸ்ரீதரன் 46 நாளில் நிமிர்த்தினார். தனுஷ்கோடி திரும்ப எழவில்லை. கப்பல் ராமேஸ்வரத்திலிருந்து புறப்படத் தொடங்கியது. பெரியப்பா பார்த்த ஜெர்மன்காரர்கள் ஏறியது இந்த ராமேஸ்வரம் கப்பலில்தான்.

மோட்டார் வண்டியைக் கப்பலில் ஏற்றுவது இன்றைக்கு ஐரோப்பாவில் பஸ் ஏறுவது மாதிரி. அங்கும் அது ஒரே நாளில் வரவில்லை. 1928இல் டவுன்செண்ட் என்பவர் ஒரு நிலக்கரிக் கப்பலை வாடகைக்கு எடுத்து டோவருக்கும் கலேவுக்கும் இடையே கார்களைக் கொண்டுபோக ஆரம்பித்தபோது, ஒவ்வொரு காரையும் கிரேன் கட்டித்தான் தூக்கினார்கள். 1953இல்தான் டோவரில் வண்டிகள் தாமாக ஓடிக் கப்பலுக்குள் நுழைகிற மேடை வந்தது. அதன் பிறகு மோட்டார் சைக்கிள்காரன் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ஈரமான இரும்புச் சரிவில் திடீர் பிரேக் போடாமல் ஏறி, பணியாள் காட்டும் இடத்தில் சைடு ஸ்டாண்ட் போட்டு, முதல் கியரில் விட்டு, சீட்டின் மேலே பட்டை போட்டுத் தரைக் கொக்கியில் இறுக்கிக் கட்ட வேண்டும். சீட்டில் கீறல் விழாமல் இருக்க ஒரு துணி. கப்பல் ஆடும்போது வண்டி நகரக் கூடாது, அதுதான் விஷயம். இந்தத் தொழில்நுட்பம் நமக்கும் புதிதில்லை. குஜராத்தில் ஹஜீராவுக்கும் கோகாவுக்கும் இடையே 2020 முதல் லாரியும் பைக்கும் கப்பலுக்குள் ஓடித்தான் ஏறுகின்றன.

ஆக, கப்பல் ஒரு பிரச்சினை இல்லை. காகிதம் என்று வரும்போதுதான் கதை மாறுகிறது.

சொந்த வண்டியோடு நாடு கடக்கிறவர்கள் ‘கார்னே’ என்று ஒரு புத்தகம் வைத்திருப்பார்கள். வண்டிக்கான பாஸ்போர்ட் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொரு பக்கமும் மூன்று துண்டு. நாட்டுக்குள் நுழையும்போது சுங்க அதிகாரி ஒன்றைக் கிழித்துக்கொள்வார், வெளியேறும்போது இன்னொன்று, மூன்றாவது அடிக்கட்டையாகப் புத்தகத்திலேயே தங்கும். வண்டியை அங்கேயே விற்றுவிட மாட்டேன், திருப்பிக் கொண்டுவந்துவிடுவேன் என்பதற்கு உத்தரவாதம். வராவிட்டால், முன்கூட்டிக் கட்டிய பிணையிலிருந்து அந்த நாட்டின் இறக்குமதி வரி போகும். இந்திய வண்டி நேபாளம் போக இது வேண்டாம், இலங்கைக்கு வேண்டும். பின்னால் ஒட்டுகிற முட்டை வடிவ ஸ்டிக்கர் வண்டி எந்த நாட்டுப் பதிவு என்று சொல்வது. ஜெர்மனிக்கு ‘டி’. இலங்கை 1972இல் சிலோன் என்ற பெயரை விட்டது, ஆனால் அதன் வண்டிகளுக்கான அடையாள எழுத்து இன்னும் ‘சி.எல்.’தான்.

பெரியப்பாவின் ஜெர்மன்காரர்கள் சொன்னபடி திரும்பி வந்ததில் அவர்களுடைய நாணயம் எவ்வளவு, கார்னேயின் பிணை எவ்வளவு என்று யோசிப்பேன். அவரிடம் கேட்டதில்லை. அவருக்கு அது வெல்டிங்கின் பெருமை.

அதே ராமேஸ்வரம் கப்பலைப் பற்றி எங்கள் ஊரில் இன்னொருவருக்கும் தெரியும். பஸ் ஸ்டாண்டு பக்கம் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். ஊரில் எல்லோரும் அவரைத் தோட்டத்து மாமா என்பார்கள். நுவரெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். 1970களின் கடைசியில், பன்னிரண்டு வயதில், அப்பா அம்மா தங்கையோடு கப்பலேறி வந்தார்.

1964 அக்டோபர் 30ஆம் தேதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானது. மலையகத்தில் நாடற்றவர்களாக இருந்த சுமார் 9,75,000 தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்வது, 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவது. 1974இல் அதையும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். சரக்குக் கணக்கு மாதிரி இருக்கிறதே என்று யாருக்காவது தோன்றினால் தப்பில்லை. அந்த லட்சக்கணக்கான பேரில் பெரும்பாலோர் வந்த வழி தலைமன்னார்–ராமேஸ்வரம். நூறு வருஷத்துக்கு முன் அவர்களுடைய பாட்டன் பூட்டன்கள் தோட்ட வேலைக்குப் போனபோது சிலோன் அரசாங்கம் தொற்றுநோய் சோதனைக்கு வைத்திருந்த மண்டபம் முகாமே, திரும்பி வந்தவர்களுக்கும் முதல் தங்குமிடம் ஆனது.

மாமா இதையெல்லாம் தேதி போட்டுச் சொல்ல மாட்டார். அவர் சொல்வது வேறு. ரயிலை இன்றைக்கும் கோச்சி என்றுதான் சொல்வார். “கோச்சி கெளம்பும்போது ஸ்டேஷனே அழுதுச்சு தம்பி. கப்பல்ல ஏறுனப்புறம் யாரும் அழுவல. எல்லாரும் வாந்தி. ஒரு மோட்டார் சைக்கிளக் கயிறு போட்டுக் கட்டி வச்சிருந்தாங்க. நாங்க பசங்கல்லாம் அதச் சுத்தியே நின்னோம். அதுக்குச் சொந்தக்காரன் வெள்ளக்காரன், என் தங்கச்சியத் தூக்கி சீட்டுல உக்கார வச்சான். எங்கம்மா பதறிப்போயி எறக்கி உட்டுச்சு.”

அவர்களிடமும் காகிதம் இருந்தது. இந்திய பாஸ்போர்ட், குடும்ப அட்டை, பின்னால் ஒரு ஊர்ப் பெயர். ஆனால் அது ஒருவழிக் காகிதம். ஒரே கப்பலில் கட்டிக் கிடந்த மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பிப் போயே ஆகவேண்டும் என்று சட்டம். அதைச் சுற்றி நின்ற பையன்களுக்குத் திரும்பிப் போகவே கூடாது என்று சட்டம். கார்னேயைப் பற்றி எங்கே படித்தாலும் எனக்கு மாமாவின் தங்கை அந்த சீட்டில் உட்கார்ந்திருப்பதுதான் நினைவுக்கு வருகிறது.

1980களின் முதல் பாதியில், இனப்போர் மூண்டபோது, அந்தக் கப்பல் நின்றது. ஏற்கனவே 1979இல் ஈரானில் புரட்சி, ஆப்கானிஸ்தானில் சோவியத் படை என்று ஐரோப்பாவிலிருந்து வரும் தரைவழியும் முறிந்திருந்தது. கிழக்கிலிருந்து வந்தவர்களுக்குக் கொஞ்ச காலம் இன்னொரு கப்பல் இருந்தது. பினாங்கிலிருந்து சென்னைக்கு வந்த ‘சிதம்பரம்’. நம் ஆட்கள் ‘ரஜூலா’வுக்குப் பிறகு மலேயா போய்வந்த கப்பல். பர்மா வழி அடைத்துக் கிடந்ததால் மோட்டார் சைக்கிள்காரர்களுக்கும் கடல்தான் கதி. உலகத்தைச் சுற்றிய எல்ஸ்பெத் பியர்ட் என்ற ஆங்கிலேயப் பெண் 1984இல் தன் பி.எம்.டபிள்யூவோடு பினாங்கில் கப்பலேறி சென்னையில்தான் இறங்கினார். 1985இல் சிதம்பரம் கப்பலில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அந்த வழியும் போயிற்று.

நடுவில் ஒரு தடவை ஆசை காட்டினார்கள். 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’. அமெரிக்காவின் போர்ட்லாண்டுக்கும் கனடாவின் யார்மவுத்துக்கும் இடையே இருபது வருஷத்துக்கு மேல் கார்களை ஏற்றி ஓடிய கப்பல். வயிற்றுக்குள் முழுத் தளம் வண்டிகளுக்கு. நான் அப்போது இன்ஜினியரிங் கடைசி வருஷம். வேலை கிடைத்ததும் முதல் லீவில் போகலாம் என்று ரூம்மேட்டோடு திட்டம் போட்டேன். எனக்கு வேலை உத்தரவு வருவதற்குள் கப்பல் நின்றுவிட்டது. ஐந்து மாதம்தான்.

பிறகு 2023 அக்டோபர் 14 அன்று நாகப்பட்டினம்–காங்கேசன்துறை. ‘செரியபாணி’ என்ற கப்பல் சில நாள் ஓடி மழைக்காலத்தோடு நின்றது. 2024 ஆகஸ்டில் ‘சிவகங்கை’ வந்தது. 150 இருக்கை. நான்கு மணி நேரம் போல. ஆள் ஏறலாம், பெட்டி ஏறலாம், வண்டி ஏற முடியாது. சரக்குக் கன்டெய்னரில் அடைத்துக் கொழும்புக்கு அனுப்பி, துறைமுகத்தில் காத்திருந்து எடுப்பது ஒரு வழி. அதற்கு ஆகிற செலவில் அங்கேயே ஒரு பழைய வண்டி வாங்கிவிடலாம் என்றார் ஏற்பாடு செய்கிறவர். நேர்மையான மனிதர்.

2025 ஆகஸ்டில் புல்லட்டை நாகப்பட்டினத்தில் ஒரு லாட்ஜ் வாசலில் விட்டுவிட்டுக் கப்பலேறினேன். ஹெல்மெட்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று ஸ்கேனர் பக்கத்தில் நின்றவர் கேட்டார். பதில் தெரியவில்லை, சிரித்துவைத்தேன். காங்கேசன்துறையில் அலுவலக நண்பர் காத்திருந்தார். “என்ன அண்ணை, ஹெல்மெட்ட மட்டும் கொண்டந்திருக்கிறியள்?” அவர் வண்டியின் பின்சீட்டில் ஏறினேன். அது டிவிஎஸ். ஓசூர்க் கம்பெனி. நம் வண்டி புதிதாகப் பெட்டிக்குள் சரக்காகப் போனால் கடலைத் தாண்டலாம், நான் ஓட்டிக்கொண்டு போனால்தான் கூடாது.

மறுநாள் சங்குப்பிட்டிப் பாலம் கடந்து, பூநகரி, மன்னார், அங்கிருந்து தலைமன்னார். மன்னாரில் ரோட்டோரம் கழுதைகள் நின்றன. தலைமன்னாரில் கலங்கரை விளக்கம் இருக்கிறது, அதன் பக்கத்தில் பழைய கப்பல் மேடை துருவேறி, நடுநடுவே பலகை இல்லாமல், கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கிறது. போரில் அழிந்த ரயில் பாதையை 2015 மார்ச்சில் தலைமன்னார் மேடை வரை மறுபடி கொண்டுவந்துவிட்டார்கள். ஸ்டேஷன் பெயர்ப் பலகையைப் படம் எடுத்தேன். எதிர்ப்பக்கம் தண்ணீர்தான் தெரிந்தது. அந்தப் பக்கம் அரிச்சல்முனை வரைக்கும் 2017 முதல் தார் ரோடு. இரண்டு வருஷத்துக்கு முன் அந்த ரோட்டின் முடிவில் புல்லட்டை நிறுத்திவிட்டு நான் இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

ஊர் திரும்பியதும் தோட்டத்து மாமாவிடம் போனில் வீடியோவைக் காட்டினேன். டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துவிட்டு வாங்கிப் பார்த்தார். ஸ்டேஷன் பலகை வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

“கோச்சி அங்க வரைக்கும் வருதா?”

“வருது மாமா. 2015லேர்ந்து.”

“ஹட்டனுக்கு அங்கேருந்து டிக்கெட் குடுப்பாங்களா?”

“நடுவுல மாறணும். கேட்டுட்டு வந்திருக்கலாம்.”

“பாஸ்போர்ட்டு எடுக்க எவ்ளோ ஆவுது இப்ப?”

ஆயிரத்து ஐந்நூறு என்றேன். அவர் வீடியோவை முதலிலிருந்து இன்னொரு தடவை ஓடவிட்டார். பிறகு போனைக் கொடுத்துவிட்டு என் வண்டியைச் சுற்றி வந்து பின் டயரைக் கட்டைவிரலால் அமுக்கினார்.

“காத்து கம்மியா இருக்கு, நகத்து” என்றார்.