293318625600 (எண்)

293318625600 (இருபத்தொன்பதாயிரத்து முந்நூற்று முப்பத்தொரு கோடியே எண்பத்தாறு இலட்சத்து இருபத்தையாயிரத்து அறுநூறு) என்பது ஓர் இயல் எண் ஆகும். இது உயர் பகு எண்களுள் ஒன்று. சீனிவாச இராமானுசன் 1915 ஆம் ஆண்டில் வெளியிட்ட உயர் பகு எண்களின் அட்டவணையில் விடுபட்டுப்போன எண் என்பதாலேயே இது பெரிதும் அறியப்படுகின்றது.

உயர் பகு எண்

ஓர் எண்ணுக்கு, அதனிலும் சிறிய எல்லா எண்களையும் விடக் கூடுதலான வகுஎண்கள் இருக்குமாயின் அது உயர் பகு எண் எனப்படும். எடுத்துக்காட்டாக, 12 இற்கு 1, 2, 3, 4, 6, 12 என ஆறு வகுஎண்கள் உள்ளன. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் ஆறு வகுஎண்கள் இல்லை. ஆகவே 12 ஓர் உயர் பகு எண். 18 இற்கும் ஆறு வகுஎண்கள் உண்டு. ஆயினும் 12 முந்திக்கொண்டதால் 18 இப்பட்டியலில் சேராது.

பண்புகள்

இவ்வெண்ணின் பகாக்காரணிகள்:

293318625600 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19

ஒவ்வோர் அடுக்குடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால் வகுஎண்களின் எண்ணிக்கை கிடைக்கும்:

7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 = 5040

இந்த 5040 உம் ஓர் உயர் பகு எண் என்பது சுவையான செய்தி. அது 293318625600 ஐ மீதியின்றி வகுக்கவும் செய்கின்றது. 1 முதல் 22 வரையுள்ள எல்லா எண்களாலும் இவ்வெண் வகுபடும். 23 ஆல் வகுபடாது. மேலும் இது 2520² × 46189 என்பதற்குச் சமம். இதில் 2520 என்பது 1 முதல் 10 வரையுள்ள எண்களின் மீச்சிறு பொது மடங்கு.

இராமானுசனின் அட்டவணை

உயர் பகு எண்கள் பற்றிய இராமானுசனின் நீண்ட கட்டுரை இலண்டன் கணிதக் கழகத்தின் ஆய்விதழில் 1915 இல் வெளிவந்தது. இவ்வாய்வுக்காகவே கேம்பிரிட்ச் பல்கலைக்கழகம் 1916 இல் அவருக்குப் பட்டம் வழங்கியது. கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் 6746328388800 வரையிலான 102 உயர் பகு எண்களை அவர் பட்டியலிட்டிருந்தார். விடுபட்டது இது ஒன்றே.

இதற்கு முந்தைய உயர் பகு எண் 240940299600 (4800 வகுஎண்கள்). அடுத்தது 321253732800 (5376 வகுஎண்கள்). இவ்விரண்டிலும் 23 ஒரு காரணியாக உள்ளது, 7 ஒரு முறையே வருகின்றது. இடையில் நிற்கும் இவ்வெண்ணில் 23 இல்லை. 7 இரு முறை வருகின்றது. அண்டை எண்களின் அமைப்பிலிருந்து இவ்வாறு விலகி நிற்கும் எண்ணைக் கைக்கணக்கில் தவறவிடுவது எளிது.

இவ்விடுபடுதலால் கட்டுரையின் தேற்றங்களுக்கு எவ்விதக் குறையும் இல்லை. அவை அட்டவணையைச் சார்ந்து நிறுவப்பட்டவை அல்ல. உயர் பகு எண்ணின் பகாக்காரணிகள் பெரிதாகப் பெரிதாக அவற்றின் அடுக்குகள் கூடுவதில்லை என்பதும், 4, 36 ஆகியன நீங்கலாகக் கடைசிப் பகாக்காரணியின் அடுக்கு 1 ஆகவே இருக்கும் என்பதும் அத்தேற்றங்களுள் அடங்கும். விடுபட்ட எண்ணும் அவற்றுக்கு இணங்கவே அமைந்துள்ளது.

அட்டவணையின் இறுதி எண்ணான 6746328388800 என்பது 293318625600 இன் சரியாக 23 மடங்கு ஆகும். அதன் வகுஎண்கள் 10080.