துண்டுக்குள் விரல்கள்

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிற நெடுஞ்சாலையில், குந்தாரப்பள்ளி என்றொரு ஊர் வரும். வெள்ளிக்கிழமை அந்தப் பக்கம் போனால் பஸ் நகரவே நேரமாகும். அன்றைக்குச் சந்தை. ஆடு, மாடு வாங்கவும் விற்கவும் ஆந்திரா, கர்நாடகாவிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து குவிவார்கள். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பேரம் நடக்கும்.

நம்மூர் மாட்டுச் சந்தைகளில் ஒரு பழைய வழக்கம் உண்டு. விலை பேசுகிற இருவரும் கையோடு கை கோத்துக்கொண்டு, மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வார்கள். அப்புறம் வாய் பேசாது, விரல்கள்தான் பேசும். ஒரு விரலைப் பிடித்தால் ஒரு தொகை, இரண்டைப் பிடித்தால் வேறு தொகை. சுற்றி நூறு பேர் வேடிக்கை பார்த்தாலும் என்ன விலை என்று ஒருவருக்கும் தெரியாது. துண்டுக்குள் கை விட்ட இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும்.

அங்கே ஆள் வெளியே, விஷயம் உள்ளே. இதை அப்படியே தலைகீழாகத் திருப்பிப் போடுங்கள். விஷயம் ஊரறிய வெளியே இருக்கும், ஆள் மட்டும் துண்டுக்குள். அதுதான் புனைபெயர்!

'தைரியம் இருந்தால் சொந்தப் பெயரில் எழுத வேண்டியதுதானே?' இந்தக் கேள்வியை நாம் எல்லோருமே ஒரு தடவையாவது கேட்டிருப்போம். நியாயமான கேள்வி மாதிரிதான் தெரியும். ஆனால் சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டினால், கேட்க வேண்டியது வேறொரு கேள்வி என்று புரியும். துண்டுக்குள் இருந்த இன்னொரு கை யாருடையது?

பெயர் இல்லாமல் எழுதுவது நமக்கொன்றும் புதுசு இல்லை. சங்கப் புலவர்கள் சிலரின் பெயரே நமக்குத் தெரியாது. பாட்டைத் தொகுத்தவர்கள் என்ன செய்தார்கள்? பாட்டுக்குள் இருந்த ஒரு நல்ல உவமையை எடுத்து, அதையே புலவருக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். செம்புலப்பெயல்நீரார், அணிலாடு முன்றிலார் எல்லாம் அப்படி வந்த பெயர்கள்தான். அப்பா, அம்மா வைத்த பெயர் போயே போச்சு. எழுத்து வைத்த பெயர் இரண்டாயிரம் வருஷமாக நிற்கிறது.

நம் காலத்துக்கு வந்தால் சுஜாதா. எஸ். ரங்கராஜன் என்ற இன்ஜினீயர் 'குமுதம்' இதழில் எழுத வந்தபோது, அங்கே ஏற்கெனவே ரா.கி. ரங்கராஜன் இருந்தார். இரண்டு ரங்கராஜன்கள் இருந்தால் வாசகர்கள் குழம்புவார்களே! மனைவியின் பெயரை எடுத்துக்கொண்டார். இங்கே பயமும் இல்லை, ரகசியமும் இல்லை. வெறும் வசதி. சுவையான விஷயம் என்னவென்றால், பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரம் உருவானதில் இவருக்குப் பெரிய பங்கு உண்டு. யார் எந்த ஓட்டைப் போட்டார்கள் என்று சொல்லாமல் மறைக்கிற இயந்திரம் அது. பெயரை மறைப்பது ஜனநாயகத்தின் அடிப்படை உரிமைகளில் ஒன்று என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஆனால் எல்லாப் புனைபெயரும் வசதிக்காக வைத்தது இல்லை.

1906. சென்னையில் 'இந்தியா' என்ற வாரப் பத்திரிகை தொடங்கியது. நெருப்பைக் கக்கும் கட்டுரைகள், வெள்ளைக்காரனைக் குத்திக் கிழிக்கும் கார்ட்டூன்கள். அதை நடத்திய மூளை சுப்பிரமணிய பாரதி. பாரதிக்குப் பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. ஷெல்லிதாசன், காளிதாசன், சக்திதாசன் என்று அவர் எழுதிய பெயர்களின் பட்டியல் நீளமானது.

எழுதுகிறவன் எத்தனை பெயரில் வேண்டுமானாலும் ஒளிந்துகொள்ளலாம். அச்சடிக்கிறவன் ஒளிய முடியாது. 1867-ம் வருஷத்து அச்சகச் சட்டம் அப்படி. அச்சிட்டவர் யார், எங்கே அச்சிட்டார், வெளியிட்டவர் யார் என்பது தாளில் இருந்தே ஆக வேண்டும். பத்திரிகை என்றால், மாஜிஸ்திரேட் முன்னால் ஒருவர் போய், 'இதற்கு நான் பொறுப்பு' என்று கையெழுத்துப் போட வேண்டும். பழைய புத்தகம் ஏதாவது வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள், அச்சகத்தின் பெயரும் ஊரும் சின்ன எழுத்தில் இருக்கும். அது மரியாதைக்காகப் போட்டது இல்லை. போலீஸ் தேடி வருவதற்கான முகவரி. ஒன்றரை நூற்றாண்டு தாண்டி உயிரோடிருந்த அந்தச் சட்டத்துக்குப் பதிலாக, 2024 மார்ச்சில்தான் புதுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

'இந்தியா'வுக்கு அப்படிக் கையெழுத்துப் போட்டவர் எம். சீனிவாசன். பாரதி இல்லை.

1908-ல் அரசாங்கம் பாய்ந்தது. மார்ச்சில் தூத்துக்குடி வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். ஜூலையில் திலகருக்குத் தண்டனை. அடுத்து 'இந்தியா'. போலீஸ் பதிவேட்டைப் பார்த்தது, அதில் இருந்த பெயரைப் பிடித்தது. சீனிவாசன் மீது ராஜத்துரோக வழக்கு, ஐந்து வருஷச் சிறைத்தண்டனை. நண்பர்கள் வற்புறுத்த, பாரதி பிரெஞ்சுக்காரர்களின் புதுச்சேரிக்குத் தப்பிப் போனார். அதே வருஷம் 'இந்தியா' அங்கிருந்து மறுபடி வெளிவந்தது.

பாரதி செய்தது சரியா, தப்பா? இதைப் பற்றிப் பலரும் பலவிதமாக எழுதியிருக்கிறார்கள். ஒன்றை மறக்கக் கூடாது. அவர் அங்கே சொகுசாக இருக்கவில்லை. பத்து வருஷம் வறுமை, ஒற்றர்களின் தொல்லை. 1918 நவம்பரில் எல்லை தாண்டி வந்ததும் கடலூர் அருகே கைது, சில வாரங்கள் சிறை. ஆனால் அந்தப் பத்து வருஷத்தில்தான் 'பாஞ்சாலி சபத'மும் 'குயில் பாட்டு'ம் 'கண்ணன் பாட்டு'ம் நமக்குக் கிடைத்தன.

அந்தக் கவிதைகளைப் பாடும்போது நாம் பாரதியை நினைக்கிறோம். சீனிவாசனை யார் நினைக்கிறார்கள்? அவருக்குச் சிலை இல்லை, தெரு இல்லை, பள்ளிப் பாடத்தில் ஒரு பத்திகூட இல்லை. துண்டுக்குள் இருந்த இன்னொரு கை அவருடையது. விலையைக் கொடுத்ததும் அந்தக் கைதான்.

இன்னொரு துண்டு. திருச்சி மாவட்டம் துவரங்குறிச்சி. இந்த முறை அரசாங்கம் இல்லை, வீடு. பதின்ம வயதிலேயே பள்ளி நின்றுபோன ஒரு பெண், வீட்டுக்குள்ளேயே புத்தகங்களைப் படித்துப் படித்துக் கவிதை எழுத ஆரம்பித்தார். கல்யாணத்துக்குப் பிறகு எழுதக் கூடாது என்றார்கள். ராத்திரியில் கழிப்பறைக்குள் நின்றுகொண்டு, கிடைத்த துண்டுக் காகிதத்தில் எழுதினார். காகிதம் வெளியே போக வேண்டுமே? அவருடைய அம்மா வீட்டுக்கு வந்து போகும்போது யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொண்டு போனார். கவிதைகள் பத்திரிகையில் வந்தன. பெயர், சல்மா. ஊரில் யாருக்கும் சல்மா யார் என்று தெரியாது.

2000-ல் அவருடைய முதல் தொகுப்பு வந்தது. 2001 உள்ளாட்சித் தேர்தலில் பேரூராட்சித் தலைவரானார். ஒளித்து வைத்த பெயரே பிறகு ஊரறிந்த பெயராகி, 2025-ல் மாநிலங்களவை வரை போயிருக்கிறது. 1846-ல் இங்கிலாந்தில் ப்ரான்ட்டே சகோதரிகள் மூவரும் ஆணா, பெண்ணா என்று தெரியாத பெயர்களில் தங்கள் கவிதைகளை வெளியிட்டதை உலகமே பேசுகிறது. துவரங்குறிச்சியில் மகளின் கவிதையை மறைத்து எடுத்துப் போன அம்மாவையும் சேர்த்துப் பேச வேண்டும் இல்லையா?

'அதெல்லாம் சரி சார், மொட்டைக் கடுதாசியும் இதே ஜாதிதானே?' என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. புனைபெயருக்கு ஒரு மானம் உண்டு. நேற்று எழுதியதற்கு அந்தப் பெயர் இன்றைக்குப் பதில் சொல்ல வேண்டும். மொட்டைக் கடுதாசிக்கு அது கிடையாது. பிடிக்காதவரின் புரமோஷனைக் கெடுக்க, நடக்க இருக்கிற கல்யாணத்தை நிறுத்த என்று அது செய்த அக்கிரமம் கொஞ்சநஞ்சமா? தாங்க முடியாமல்தான் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் 1999-ல், பெயரில்லாத, பொய்ப் பெயரில் வருகிற புகார்கள் மீது நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று உத்தரவு போட்டது.

சரி, பெயர் போட்டு எழுதினால் என்ன ஆகும்?

குந்தாரப்பள்ளியைத் தொட்டுக்கொண்டு போகிற அதே சாலை, சென்னையையும் பெங்களூரையும் மும்பையையும் இணைக்கும் தங்க நாற்கரத் திட்டத்தில் சேர்ந்தது. அதே திட்டத்தில், பீகாரில் வேலை பார்த்த இளம் இன்ஜினீயர் சத்யேந்திர துபே. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர். சாலைப் பணியில் நடந்த முறைகேடுகளைப் பற்றி 2002-ல் பிரதமர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். மொட்டைக் கடுதாசி என்று தூக்கிப் போட்டுவிடக் கூடாதே என்று தான் யார் என்பதையும் சொன்னார். கூடவே ஒரு வேண்டுகோள்: தயவுசெய்து என் பெயரை ரகசியமாக வைத்துக்கொள்ளுங்கள்.

கடிதம் மேஜை மேஜையாகப் போனது. பெயரும் கூடவே போனது.

2003 நவம்பர் 27. கயாவில் துபே சுட்டுக் கொல்லப்பட்டார். வழிப்பறிக்காக நடந்த கொலை என்றது சி.பி.ஐ. 2010-ல் மூன்று பேருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. துபேயின் குடும்பம் அந்தக் கதையை ஏற்கவில்லை. கொலைக்குக் காரணம் எதுவாகவும் இருக்கட்டும். 'சொல்லாதீர்கள்' என்று நம்பிக் கொடுத்த பெயரைக் காப்பாற்றவில்லை என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

நாடே கொதித்தது. 2004-ல் மத்திய அரசு ஒரு புது ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. புகார் எழுதுகிறவர் உறையின் மேல் பெயர் போடக் கூடாது. உள்ளே கட்டாயம் பெயர், முகவரி இருக்க வேண்டும். ஆணையம் அதைத் தெரிந்துகொள்ளும், வெளியே சொல்லாது. யோசித்துப் பாருங்கள், மொட்டையாகவும் இல்லை, அம்பலமாகவும் இல்லை. பொறுப்பான ஒருவருக்குத் தெரியும், ஊருக்குத் தெரியாது. ஒரு உயிரைக் கொடுத்துக் கற்றுக்கொண்ட பாடம் இது.

ஓசூர் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் ஷிஃப்ட் முடிந்து வருகிற ஒரு தொழிலாளி, தன் வேலையிடத்தைப் பற்றிக் கதை எழுதுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சொந்தப் பெயரைப் போட்டால் அடுத்த மாதச் சம்பளம் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அவரிடம் போய் 'தைரியம் இருக்கிறதா' என்று கேட்பது சுலபம். மாதம் பிறந்தால் சம்பளம் நிச்சயம் என்று இருக்கிறவர்கள்தான் பெரும்பாலும் அந்தக் கேள்வியைக் கேட்கிறார்கள்.

பலமுள்ளவன் முகத்தை மூடிக்கொண்டு பலவீனனை அடித்தால் அது கோழைத்தனம். அடி வாங்குகிறவன் முகத்தை மூடிக்கொண்டு உண்மையைச் சொன்னால் அது தற்காப்பு. இரண்டுக்கும் ஒரே முகமூடிதான். யார் போட்டிருக்கிறார்கள், யாரிடமிருந்து தப்பிக்கப் போட்டிருக்கிறார்கள் என்று பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

நாம் எல்லோரும் எழுத்தாளர்கள் ஆகப் போவதில்லை. ஆனால் என்றாவது ஒருநாள் யாராவது நம்மிடம் வந்து, 'இதை எழுதினது நான்தான், யார்கிட்டயும் சொல்லிடாதீங்க' என்று காதோடு சொல்லக்கூடும். அன்றைக்குத் தைரியம் தேவைப்படுவது அவருக்கு இல்லை. நமக்கு.