சல்லி

தில்லையடியில் ஒரு பலசரக்குக் கடையில் சற்று நேரம் நின்றால் ஒரே பொருளுக்கு இரண்டு சொற்கள் காதில் விழும். புத்தளத்து ஊரவர் "சல்லி" என்பார்கள். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு, சில நூறு ரூபாயோடு இங்கே வந்து குடியேறிய முஸ்லிம்களில் மூத்தோர் "காசு" என்பார்கள். பேரப்பிள்ளைகள் வாயில் இரண்டும் புழங்குகின்றன.

சல்லி என்றால் சிறு துண்டு. வீடு கட்டக் கொட்டும் சல்லிக்கல்லும் மரத்தின் சல்லிவேரும் இந்தக் குடும்பம்தான். மிகச் சிறிய நாணயத்துக்கும் அதுவே பெயராயிற்று. அக்கரைத் தமிழ்நாட்டுத் தமிழில் அந்தச் சிறுமை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது: ஒன்றுக்கும் உதவாததைச் சல்லிக்காசு பெறாது என்கிறார்கள். காளையின் கொம்பில் சல்லிக்காசைக் கட்டிவிட்டதால் சல்லிக்கட்டு என்றும் சொல்வார்கள். இக்கரையிலோ ஐயாயிரம் ரூபாய்த் தாளும் சல்லிதான். சிங்களத்திலும் பணத்துக்குச் சல்லி என்றே பெயர். சல்லிக்கல், சல்லிவேர் என்று உறவுகள் சூழ நிற்பது தமிழில் என்பதால், சொல் இங்கிருந்துதான் போயிற்று என்று கொள்கிறேன்.

இதற்கு நேர்மாறான கதை "துட்டு". அது ஒல்லாந்தரின் டொயிட் என்ற செப்புக்காசு. கற்பிட்டியில் கோட்டை கட்டியவர்கள் விட்டுப்போன சொல் இன்று தமிழ்நாட்டில்தான் அதிகம் வாழ்கிறது. அவர்கள் 1780களில் இலங்கையிலேயே செப்புக்காசு அடித்தபோது, தங்கள் கிழக்கிந்தியக் கம்பனி முத்திரையின் மேல் ஊரெழுத்தும் பொறித்தார்கள்: கொழும்புக்கு C, காலிக்கு G, யாழ்ப்பாணத்துக்கு I, திருகோணமலைக்கு T. பழங்காசு சேர்ப்பவர் முதலில் தேடுவது அந்த ஒற்றை எழுத்தைத்தான்.

அதற்கும் முந்தியது சேதுக்காசு. 1344இல் இப்னு பதூதா வந்திறங்கி யாழ்ப்பாண அரசன் ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டது இந்தப் புத்தளத்தில். அந்த அரச மரபின் நாணயங்களில் ஒரு புறம் நிற்கும் அரசன். மறுபுறம் நந்தி, கீழே தமிழில் "சேது". ஓர் அரசு தன் அடையாளச் சொல்லைத் தமிழில் எழுதி மக்கள் கையில் கொடுத்த சான்று அது. எனக்கு அதைவிட விலைமதிப்புள்ள காசு இல்லை.

ரூபாயும் சதமும் 1872இல் நடைமுறைக்கு வந்தன. சதம் என்றால் நூறு. நூறில் ஒரு பங்குக்கு அதுவே பெயரானது விந்தைதான். அன்று கால் சதத்துக்கும் ஒரு செப்புக்காசு இருந்தது. அதில் பனையின் இருமருங்கும் சிங்களத்திலும் தமிழிலும் மதிப்பு எழுதியிருக்கும். 1892இலிருந்து கால் ரூபாய், அதாவது இருபத்தைந்து சதம், வெள்ளியில் வந்தது.

இந்தக் கால் ரூபாயில்தான் பழங்காசின் கணக்கு தெளிவாகப் புரியும். 1917ஆம் ஆண்டுக் காசையும் 1919ஆம் ஆண்டுக் காசையும் பக்கத்தில் வைத்தால் ஒரே ஐந்தாம் ஜோர்ஜ் முகம். கண்ணுக்கு வேறுபாடே தெரியாது. முன்னதில் ஆயிரத்துக்கு 800 பங்கு வெள்ளி, பின்னதில் 550. போருக்குப் பின் வெள்ளி விலை ஏறியதன் தழும்பு அது. 1943இல் வெள்ளியே போய் நிக்கல் கலந்த பித்தளை வந்தது. ஆனால் உலோகம் மட்டும் விலையைத் தீர்மானிப்பதில்லை. எத்தனை அடித்தார்கள், அதில் எத்தனை உருக்குலையில் தப்பின, எழுத்தும் முகமும் தேயாமல் இருக்கின்றனவா என்பதும் சேர்ந்தே தீர்மானிக்கும். பழையது என்பதாலேயே எந்தக் காசும் அரியதாகிவிடாது. நூறாண்டு கடந்த செப்புச் சதங்கள் இன்னும் ஏராளம்.

உங்கள் வீட்டிலும் உம்மாவோ மூத்தம்மாவோ தகரப் பேணியில் போட்டு வைத்த சல்லி இருக்கும். அதைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்காதீர்கள்; தேய்த்த காசைச் சேகரிப்பவர்கள் குறைத்தே மதிப்பார்கள். பழைய உலோகக்காரரிடம் நிறுத்துக் கொடுக்குமுன் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்து, ஆண்டையும் எழுத்தையும் வாசியுங்கள்.