நினைவு ஒரு பெட்டகமா?

பாடத்தைச் சொல்லுக்குச் சொல் ஒப்புவிக்கும் மாணவனைக் கெட்டிக்காரன் என்று பாராட்டுவது நெடுநாளைய வழக்கம். படித்தவற்றை அப்படியே காத்து வைக்கும் பெட்டகமே நினைவு என்னும் எண்ணம் இதற்கு அடிப்படை. அவ்வெண்ணத்தை அசைத்தவர்களுள் முதன்மையானவர், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து மனோதத்துவப் பேராசிரியர் பிரடெரிக் பார்ட்லெட் (1886–1969).

அவருக்கு முன் நினைவை அளக்க முயன்றவர் ஜெர்மானிய அறிஞர் ஹெர்மன் எபிங்ஹவுஸ். பொருளற்ற அசைகளைத் தாமே மனனம் செய்து, அவை எவ்வளவு விரைவில் மறக்கின்றன என்று கணக்கிட்டு, 1885-இல் நூலாக வெளியிட்டார். அருமையான முயற்சிதான், ஆயினும், மக்கள் படிப்பது பொருளற்ற அசைகளை அன்றே!

பார்ட்லெட் கதையையே கருவியாகக் கொண்டார். அமெரிக்கப் பழங்குடியினரின் 'ஆவிகளின் போர்' என்னும் கதையை ஆங்கிலேயர் சிலரை இருமுறை படிக்கச் செய்தார். 15 நிமிடங்கள் கழித்தும், பின்னர் நாட்களும் மாதங்களும் சென்ற பிறகும் அதை எழுதச் சொன்னார். கதை சுருங்கியது, அதனோடு உருவும் மாறியது. தோணி படகாயிற்று. கடல்நாய் வேட்டை மீன்பிடித்தலாயிற்று. விளங்காத ஆவிகள் சிலர் கதையிலிருந்து மறைந்தே போயின. எழுதியோர் பொய் சொல்லவில்லை; தாம் முன்பே அறிந்ததைக் கொண்டு, அறியாததைத் திருத்திக்கொண்டனர். நினைவுகூர்தல் என்பது மீண்டும் கட்டுதலே என்று 1932-இல் வெளியான தம் நூலில் அவர் நிறுவினார்.

இக்கருத்துக்கு வலுவூட்டியது, ஜான் பிரான்ஸ்ஃபோர்டும் மார்சியா ஜான்சனும் 1972-இல் அமெரிக்காவில் வெளியிட்ட ஆய்வு. துணி துவைப்பதைப் பற்றிய ஒரு பத்தியை, துணி என்ற சொல்லே வராமல் எழுதிப் பிறருக்கு அளித்தனர். பொருள் இன்னதென்று முன்பே அறிந்தோர் நன்கு விளங்கிக்கொண்டனர். மிகுதியாக நினைவிலும் வைத்திருந்தனர். படித்து முடித்த பின் அறிந்தோருக்கோ அதனால் பயன் விளையவில்லை.

செய்யுளுக்கும் வாய்பாட்டிற்கும் மனனம் இன்றியமையாதது. ஆனால், அறியாத பாடத்தைத் தொடங்குமுன் மாணவன் அறிந்த ஒன்றோடு அதனை இணைத்துக் காட்டுதல் ஆசிரியர் கடமையாகிறது. தன் சொந்தச் சொற்களில் கதை சொல்லும் சிறுவன் எங்கேனும் வழி தவறினால், கடிந்துகொள்ளுமுன் அவ்விடத்தை உற்று நோக்குதல் வேண்டும். அவனுக்கு எது விளங்கவில்லை என்பதை அத்தவறே காட்டிக் கொடுக்கும். பிழையின்றி ஒப்புவிப்பவனிடத்தில் அது ஒளிந்தே கிடக்கக்கூடும்.