உவர்நீரும் கனநீரும்

அச்சரப்பாக்கம் என இன்று வழங்கும் அச்சிறுபாக்கம், திரிபுரம் எரிக்கச் சென்ற இறைவனது தேரின் அச்சு இற்ற இடம் என்பது தலவரலாறு. திருஞானசம்பந்தரால் பாடப்பெற்ற தலம் இது. அச்சு முறிதல் பண்டை வழிச்செலவில் பேரிடர் ஆகும். புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார், உமணர் தம் உப்பு வண்டியின் அடியில் கட்டிச் செல்லும் சேம அச்சினை எழினிக்கு உவமையாக்குகின்றார். உமணரின் வண்டியைச் சிறுபாணாற்றுப்படையும் காட்டுகின்றது. அந்நூல் கூறும் எயிற்பட்டினம், இவ்வூருக்குத் தென்கிழக்கே கடற்கரையிலுள்ள மரக்காணமே என்பர் அறிஞர். அங்கு இன்றும் உப்பளங்கள் உள்ளன.

உவர்நீர் ஒரு சேர்மம் அன்று. நீரில் பல சேர்மங்கள் கரைந்த கலவை. ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் உள்ளன. பாத்தியில் நீர் வற்றுங்கால் கால்சியம் சல்பேட்டு முன்னர்ப் படியும். பின்னரே சோடியம் குளோரைடு விளையும். மக்னீசிய உப்புகள் எஞ்சிய கசப்பு நீரை உப்பளத்தார் வடித்துவிடுவர். சேர்மங்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிக்கும் இம்முறை, வேதியியல் என்னும் பெயர் தோன்றுமுன்னரே கைத்தொழிலாக நிலைபெற்றிருந்தது.

இதே கரையில், மாமல்லபுரத்திற்குத் தெற்கேயுள்ள கல்பாக்கத்தில் இத்தொழில் தலைமாறியது. உமணர் உப்பைக் கொண்டு நீரை விடுத்தனர். இங்கோ நீரைக் கொண்டு உப்பை விடுத்தனர். அணுமின் நிலையத்தின் நீராவி வெப்பத்தால் கடல்நீரைக் காய்ச்சி, நாளொன்றுக்கு 45 இலட்சம் லிட்டர் நன்னீர் பெறும் ஆற்றலுடன் அங்கு ஓர் ஆலை நிறுவப்பட்டது.

1984, 1986ஆம் ஆண்டுகளில் செயற்படத் தொடங்கிய அந்நிலையத்தின் இரண்டு உலைகளும் மற்றொரு நீரை வேண்டி நின்றன, அதுவே கனநீர். இதில் ஹைட்ரஜனுக்கு ஈடாக, 1931இல் யூரே கண்டறிந்த டியூட்டிரியம் அமைந்துள்ளது. இயற்கை நீரில் ஏறத்தாழ 6,400 ஹைட்ரஜன் அணுக்களுள் ஒன்றே டியூட்டிரியம். நீரின் மூலக்கூற்று எடை 18, கனநீரினது 20. கனநீர் 3.8 பாகை செல்சியசிலேயே உறையும். நியூட்ரான்களின் விரைவைத் தணித்தலும் வெப்பத்தைச் சுமந்து செல்லுதலும் உலையில் இதன் பணி.

இனிச் சொல்லை நோக்குவோம். உவர்நீர், நன்னீர், கனநீர் மூன்றும் பண்பை முன்னிட்டு நீரை விளக்கும் ஒரே சொல்லமைப்பின, பொருளோ வேறு. உவர்ப்பு, நீரில் வந்து கலந்தது. அதனைப் பிரித்தால் நன்னீர் எஞ்சும். கனம் அத்தகையதன்று, அது நீரின் அணுவிலேயே உள்ளது. எத்துணை முறை வடிகட்டினும் கனநீர் கனநீரே. ஆதலின் கலைச்சொல்லை ஆய்வார் புணர்ச்சியும் தொகையும் கண்டு அமைதல் போதாது. சொல் சுட்டும் பண்பு கலவையினதா, சேர்மத்தினதா என்றும் காணல் வேண்டும். உமணர் அறிந்த சொல்லாக்க நெறி அணுவுலைக்கும் பொருந்தியமை தமிழின் ஆற்றல். அந்நெறிக்குள் மறைந்த பொருள்வேறுபாட்டைத் தெளிவித்தல் நம் கடன்.