வெளிக் கொட்டகைக்கான நிலத்தடி மின்வடமும் நீர்க்குழாயும்

வெளிக் கொட்டகைக்கான நிலத்தடி இணைப்பு என்பது வீட்டை விட்டுத் தள்ளி அமைந்த மோட்டார் கொட்டகை, மாட்டுக் கொட்டகை முதலியவற்றுக்கு மின்வடத்தையும் நீர்க்குழாயையும் மண்ணுக்கடியில் பதித்துக் கொண்டு செல்லும் முறை ஆகும். கம்பங்களில் இழுக்கப்படும் கம்பிகளைப் போலன்றி, புதைக்கப்பட்ட வடம் புயற்காற்றில் அறுவதில்லை. வைக்கோல் ஏற்றிய வண்டியில் உரசுவதுமில்லை. ஆயினும் கண்ணுக்குத் தெரியாததால், பிற்காலத்தில் அவ்விடத்தைத் தோண்டுபவருக்கு அது இடர் விளைவிக்கக்கூடும். ஈர நிலமும் மின்சாரமும் ஓரிடத்தில் சேர்வதால் இவ்வமைப்பில் புவியிணைப்பும் மின்கசிவுக் காப்பும் முதன்மை பெறுகின்றன.

பின்னணி

காஞ்சிபுரம் மாவட்டம், உத்திரமேரூர் வட்டத்திலுள்ள திருப்புலிவனம், ஏரிப் பாசனமும் கிணற்றுப் பாசனமும் கலந்து நெல் விளையும் பகுதியில் அமைந்துள்ளது. அண்மையிலுள்ள உத்திரமேரூரின் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) ஏரிகளைப் பராமரித்த ஏரி வாரியத்தைப் பற்றிக் கூறுகின்றன. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மின்மோட்டார்கள் பரவியபோது, கிணற்றடியில் மோட்டார் கொட்டகை ஒரு பொதுவான காட்சி ஆயிற்று. தமிழ்நாட்டில் 1984 இல் சிறு விவசாயிகளுக்கும், 1990 இல் விவசாயிகள் அனைவருக்கும் பாசன மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. மும்முனை மின்சாரம் பல ஆண்டுகள் குறிப்பிட்ட மணிநேரங்களில் மட்டுமே வழங்கப்பட்டதால், இரவில் ஈர வரப்பில் நடந்து சென்று மோட்டாரை இயக்குவது உழவரின் வழக்கமாக இருந்தது. கொட்டகையின் மின்காப்பு உயிர்க்காப்பாகக் கருதப்படுவதற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

இலவசப் பாசன இணைப்பு நீரிறைப்பதற்கு உரியது. மாட்டுக் கொட்டகை விளக்கு போன்ற பிற தேவைகளுக்கு வீட்டு இணைப்பிலிருந்தோ அதற்குரிய தனி இணைப்பிலிருந்தோ மின்சாரம் எடுக்கப்படுகின்றது.

பள்ளமும் ஆழமும்

குளிர் நாடுகளில் நீர்க்குழாயின் ஆழத்தை மண் உறையும் ஆழம் தீர்மானிக்கின்றது. தமிழ்நாட்டின் சமவெளிகளில் அத்தேவை இல்லை. இங்கு ஏர்முனையும் வண்டிப் பாரமுமே ஆழத்தைத் தீர்மானிக்கின்றன. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1255 நெறிமுறை, 1.1 கிலோவோல்ட்டு வரையிலான வடங்களை 75 செ.மீ. ஆழத்திலும், சாலையைக் கடக்குமிடத்தில் 1 மீட்டர் ஆழத்திலும் பதிக்கக் கூறுகின்றது. ஐக்கிய அமெரிக்க நாடுகளின் மின் விதித்தொகுப்பில் நேரடியாகப் புதைக்கும் வடத்திற்கு 24 அங்குலம் (சுமார் 60 செ.மீ.) பொது அளவாக உள்ளது.

பள்ளத்தின் அடியில் கல் நீக்கிய மணல் பரப்பி, அதன்மீது வடத்தை இட்டு, மீண்டும் மணலால் மூடுவர். அதன்மேல் செங்கல் அல்லது ஓடு வரிசையாக அடுக்கப்படும். மண்ணை நிரப்பும்போது இடையில் எச்சரிக்கை நாடா இடப்படும். மழைநீர் பள்ளத்தில் தேங்காதிருக்க, வடகிழக்குப் பருவமழைக்கு முன்னரே இவ்வேலையை முடிப்பது நன்று.

மின்வடம்

நேரடியாகப் புதைப்பதற்கு எஃகுக் கவசம் பொதிந்த வடமே ஏற்றது. வீட்டுச் சுவருக்குரிய சாதாரணக் கம்பியை வெறுமனே மண்ணில் புதைத்தல் கூடாது.

தொலைவு கூடும்போது மின்னழுத்தம் குறைகின்றது. எடுத்துக்காட்டாக, 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் மின்னோட்டம் 100 மீட்டர் தொலைவுக்குச் செல்வதாகக் கொள்வோம். 2.5 சதுர மி.மீ. செப்புக் கம்பியில் ஏறத்தாழ 15 வோல்ட்டு இழப்பு ஏற்படும். 6 சதுர மி.மீ. கம்பியில் இவ்விழப்பு சுமார் 6 வோல்ட்டு மட்டுமே. மோட்டாரின் முறுக்குவிசை மின்னழுத்தத்தின் இருபடியைப் பொறுத்ததாதலால், முதல் நிலையில் அது ஏறக்குறைய 12 விழுக்காடு குறைகின்றது. மோட்டார் திணறிச் சூடேறி, சுருள் கருகவும் கூடும்.

புவியிணைப்பும் மின்கசிவுக் காப்பும்

மும்முனை மோட்டாரின் உலோக உடல் இரண்டு தனித்தனி இணைப்புகளால் புவியுடன் இணைக்கப்பட வேண்டும் என்பது இந்திய மின் பாதுகாப்பு விதிகளில் உள்ளதாகும். ஆயினும் புவித்தண்டு மட்டுமே போதும் என்பது தவறான கருத்து. கொட்டகையின் புவித்தடை 10 ஓம், மின்மாற்றியின் புவித்தடை 1 ஓம் எனக் கொண்டால், மின்கம்பி மோட்டார் உடலைத் தொடும்போது சுமார் 21 ஆம்பியர் மட்டுமே பாய்கின்றது. 20 ஆம்பியர் வகைத் தானியங்கி முறிப்பான் இதற்கு அணையாமல் இருக்கக்கூடும். அவ்வேளையில் மோட்டாரின் உடலில் 200 வோல்ட்டிற்கும் மேல் நின்றுகொண்டிருக்கும். மோட்டார் ஓடுவது நின்றாலும் நிற்காவிட்டாலும், அதை ஈரக்கையால் தொடுபவர் உயிருக்கு ஆபத்து உண்டு.

இதனாலேயே 30 மில்லிஆம்பியர் மின்கசிவு முறிப்பான் பயன்படுத்தப்படுகின்றது. இது செல்லும் மின்னோட்டத்தையும் திரும்பும் மின்னோட்டத்தையும் ஒப்பிட்டு, வேறுபாடு கண்டவுடன் இணைப்பைத் துண்டிக்கின்றது. அதிலுள்ள சோதனைப் பொத்தானை அவ்வப்போது அழுத்திப் பார்த்தல் வேண்டும். இவ்வேலைகள் உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரரால் செய்யப்பட வேண்டியவை.

நீர்க்குழாய்

பி.வி.சி. குழாய் வெயிலில் நாளடைவில் நொறுங்கும் தன்மை பெறுவதால், புதைத்தல் அதன் ஆயுளைக் கூட்டுகின்றது. ஒரே பள்ளத்தில் இரண்டையும் இடுவதாயின் வடத்திற்கும் குழாய்க்கும் இடையே குறைந்தது 30 செ.மீ. விடுவது நல்ல நடைமுறையாகும். குழாய் கசிந்து அதைப் பழுதுபார்க்கத் தோண்டும்போது கடப்பாரை வடத்தில் படாமலிருக்க இது உதவும். நீர் உந்துதலால் மூட்டுகள் விலகாதிருக்க, பெரிய குழாயின் வளைவுகளில் கற்காரைத் தாங்கிகள் அமைக்கப்படுகின்றன. மண் மூடுவதற்கு முன் குழாயில் நீரேற்றி அழுத்தச் சோதனை செய்தல் அவசியம். குடிநீர்க் குழாயிலிருந்து மருந்துத் தொட்டிக்கு நீர் பிடிக்கும்போது குழாய்முனை தொட்டி நீரில் மூழ்கியிருந்தால், அழுத்தம் குறையும் வேளையில் மருந்து கலந்த நீர் பின்னோக்கி இழுக்கப்படலாம். ஆகையால் முனையை நீர்மட்டத்திற்கு மேல் வைத்தல் வேண்டும்.

அடையாளமும் வரைபடமும்

ஏர் உழும் ஆழத்திற்கு 75 செ.மீ. பாதுகாப்பானது, ஆனால் மண்வாரி இயந்திரத்தின் வாளி அதனை எளிதில் கடந்துவிடும். எனவே பள்ளத்தின் தொடக்கம், திருப்பம், முடிவு ஆகிய இடங்களில் அடையாளக் கற்கள் நடப்படுகின்றன. கிணறு, கம்பம், கொட்டகைச் சுவர் ஆகிய நிலையான இடங்களிலிருந்து அளந்த தொலைவுகளைக் குறித்த வரைபடம் ஒன்று மின்பலகையின் உட்கதவில் ஒட்டப்படலாம். நிலம் கைமாறினாலும், பாகம் பிரிந்தாலும், வடம் பதித்தவர் இல்லாத காலத்தில் தோண்ட வருபவருக்கு இவ்வரைபடமே வழிகாட்டியாகும்.